ஈயம் வைத்துத் தைத்த பேண்ட்

அவளுக்கு வைத்த பெயர் ஒன்று, கூப்பிட்ட பெயர் வேறொன்று. கூப்பிட்ட பெயர் 'அரைகுறை'. பெற்ற தாயே ஒரு நாள் கோபத்தில் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. பல் துலக்கப் போய், பிரஷ் வாயில் இருக்கும்போதே கண்ணாடியில் அழுக்கைப் பார்த்து, அதைத் துடைக்கத் துணி தேடிப் போய், துணி இருந்த அலமாரியை அடுக்க உட்கார்ந்துவிடுகிற பெண்ணை வேறு என்னவென்றுதான் கூப்பிடுவது? கல்யாணத்துக்குப் பிறகு கணவரும் அதே பெயரைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. யாராவது பெயர்க்காரணம் கேட்டால் அவளே முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பிப்பாள். சொல்லி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். கேட்டவருக்குக் காரணம் அப்போதே விளங்கிவிடும்.

பிழைப்பு திரைச்சீலை தைப்பது. துணிக்கடை ஒன்றின் பின்புறம் நீளமான ஒரு கூடம். அதில் மூன்று தையல் மெஷின், ஒரு ஆவி இஸ்திரி, நடுவில் இரண்டு கட்டில் நீளத்துக்கு வெட்டு மேசை. ஊருக்கெல்லாம் திரை தைக்கும் அந்தக் கூடத்தின் ஜன்னலுக்கு மட்டும் திரை கிடையாது. தைக்க யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அவளுக்கு ஒதுக்கப்பட்ட வேலை அடிமடிப்பு. திரையின் கீழ்விளிம்பை மடித்து, மூலைகளில் சின்னச் சின்ன ஈயவில்லைகளைத் துணியில் பொதிந்து உள்ளே மறைத்துத் தைக்க வேண்டும். அந்தக் கனம் இருந்தால்தான் திரை காற்றுக்குப் பறக்காமல், முறுக்கிக்கொள்ளாமல் நேராகத் தொங்கும். உள்ளே ஈயம் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டால் அது தையலே இல்லை என்பார் முதலாளியம்மா.

வெட்டு மேசைப் பக்கம் மட்டும் அவளை விடமாட்டார்கள். தையல் தப்பினால் பிரித்துத் தைக்கலாம், வெட்டினது வெட்டினதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை விட்டுப் பார்த்தார்கள். பாதி வெட்டும்போது தெருவில் இரண்டு வண்டிகள் உரசிக்கொண்ட சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள், இரண்டு டிரைவர்களில் யார் பக்கம் நியாயம் என்று முடிவு செய்தாள், திரும்பி வந்து விட்ட இடத்தை விட்டு வேறு இடத்திலிருந்து வெட்டினாள். படுக்கையறைத் திரையாக வேண்டிய துணி தலையணை உறைகளாயிற்று. முதலாளியம்மா எதிலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "இனிமே உனக்கும் கத்திரிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது" என்று சொல்லிக் கத்திரியைத் தன் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டார்.

நோய்க்குப் பெயர் தெரிந்த கதையும் அரைகுறைக்கே உரியது. நாத்தனாரின் பையன் பள்ளியில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை என்று டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். துணைக்குப் போனவள் இவள். டாக்டர் பையனைப் பற்றி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க, இவள் தன்னையறியாமல் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பையனுக்கு ஒன்றும் இல்லை, வெறும் குறும்பு என்று ஆயிற்று. டாக்டர் பேனாவை மூடிவிட்டு இவளைத்தான் பார்த்தார். "நீங்க ஒரு தடவை பெரியவங்களைப் பார்க்கிற டாக்டர்கிட்ட காட்டிக்குங்க" என்றார். அங்கே போனதும் கவனம் ஒரு இடத்தில் நிற்காத கோளாறு இது, ஏ.டி.எச்.டி. என்று நாலெழுத்தில் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து வாங்கிய திட்டுக்கெல்லாம் அந்த நாலு எழுத்து போதுமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதில் கவனம் செலுத்துவது என்று தெரியாமல் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டாள்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு தலைக்குள் விருந்தாளிக் கூட்டம் கிளம்பிப் போன வீட்டு அமைதி வந்தது. ஒரு நாள் முழு நீள அடிமடிப்பை இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனையில் முடித்துவிட்டு நிமிர்ந்தாள். நடுவில் எழுந்திருக்கவே இல்லை. தையலைத் தடவித் தடவிப் பார்த்தாள், மெஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். முதலாளியம்மா இதையெல்லாம் கவனித்துக்கொண்டே வந்தார். சில மாதம் கழித்து ஒரு காலை ஆணியிலிருந்து கத்திரியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "வெட்டு, பார்க்கலாம்" என்றார். வெட்டினாள். அன்றிலிருந்து வெட்டு மேசை அவளுடையதாயிற்று. வாழ்க்கையில் அவள் மீது ஒருவர் வைத்த முதல் நம்பிக்கை அது, அதை அவள் உயிராக வைத்துக்கொண்டாள்.

இதில் ஒரே ஒரு சிக்கல். விருந்தாளிக் கூட்டத்தோடு பசியும் சேர்ந்து கிளம்பிப் போய்விட்டது.

கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடியுமுன் போய், மத்தியானம் வீடு திரும்பி, தூங்கி எழுந்து இரவுச் சமையலையும் அவரே செய்வார், ஏனென்றால் அரைகுறையை அடுப்புப் பக்கம் விடுவது பற்றி அந்த வீட்டுக்குச் சில அனுபவங்கள் உண்டு. அவள் கொண்டுபோகும் டப்பாவில் வெண்ணெய் தடவிய ரொட்டியும் அவித்த முட்டையும் வைப்பார். அது போன மாதிரியே திரும்பி வரும். வீணாக்க மனசில்லாமல் அதையும் அவரே சாப்பிட்டுவிடுவார். விளைவு என்னவென்றால், அவள் இளைக்க இளைக்க அவர் பெருத்தார். அவள் தையற்காரி, பேண்ட் தொளதொளத்தால் இடுப்பில் ஒரு பிடி பிடித்துவிடுவாள், அவருடைய பேண்ட் இறுக்கினால் ஒரு தையல் விட்டுக் கொடுப்பாள். ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒரே நூலில் இரண்டு வேலையும் நடக்கும். வேறு யாராக இருந்தாலும் இடுப்பில் நிற்காத பேண்ட் எச்சரித்திருக்கும். இவளை எச்சரிக்க எந்தத் துணிக்கும் அவள் இடம் கொடுக்கவில்லை.

எச்சரிக்க வேண்டிய மனிதர்களோ பாராட்டினார்கள். நாத்தனார் வாசலிலேயே நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணி! என்ன இப்படி இளைச்சுட்டீங்க? கல்லூரிப் பொண்ணு மாதிரி இருக்கீங்க. என்ன பண்றீங்க, எனக்கும் சொல்லுங்களேன்."

"ஒண்ணும் பண்றதில்ல. அதான் ரகசியம்" என்றாள் இவள். உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் போவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அந்த வாரம் முழுக்க அவளுக்கு உச்சி குளிர்ந்து கிடந்தது. வருவோர் போவோரெல்லாம் திட்டிய உடம்பு, ஒன்றுமே சாப்பிடாமல் இருந்ததற்காகப் பாராட்டு வாங்குகிறதே என்று தனக்குள் பெருமைப்பட்டாள்.

மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா பெருமைப்படவில்லை.

"போன தடவைக்கு இப்ப நாலு கிலோ குறைஞ்சிருக்கீங்க. முதல்லயே நீங்க ஒண்ணும் குண்டு இல்ல. சரியா சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன் டாக்டர்."

"இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மாலை நாலரை. "டீ" என்றாள். பிறகு நியாயத்துக்குக் கட்டுப்பட்டு, "பாதி டீ" என்று திருத்தினாள்.

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். "இந்த மருந்து பசியை அமுக்கிடும். பசிச்சா சாப்பிடலாம்னு காத்திருந்தீங்கன்னா பசி வரவே வராது. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடணும். காலையில மாத்திரை போடறதுக்கு முன்னாடி, பசி உயிரோட இருக்கும்போதே வயிறு நிறைய சாப்பிட்டுடுங்க. மத்தியானம் கொஞ்சமா இருந்தாலும் சத்தா இருக்கட்டும். முட்டை, கடலை, வெண்ணெய், பால், எது இறங்குதோ அது. சாயங்காலம் மருந்து இறங்கினப்புறம் பசி எட்டிப் பார்க்கும், அப்ப விட்டுடாதீங்க. அடுத்த தடவை எடை இன்னும் இறங்கியிருந்தா மருந்தைக் குறைக்கணும், இல்லைன்னா கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கணும்."

எல்லாவற்றையும் கேட்டாள். நிறுத்திப் பார்க்கணும் என்பதைத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். மாத்திரை நின்றால் கத்திரி போய்விடும். கத்திரி போவதுகூடப் பெரிதில்லை. பழைய அரைகுறை திரும்பி வந்துவிடுவாள். அவளோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய களைப்பு இவளுக்குத்தான் தெரியும். ஊருக்கு அவள் வேடிக்கை, இவளுக்கு அவள் பயம். அந்த வேடிக்கைக் கதைகளையெல்லாம் முந்திக்கொண்டு தானே சொல்லிச் சிரித்ததுகூட, மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்குள் முடித்துவிடலாம் என்றுதான்.

அதனால் முயற்சி செய்தாள், செய்யவில்லை என்று சொல்ல முடியாது. போனில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி வைத்தாள். அது அடித்தது. இந்த ஒரு வெட்டு முடியட்டும் என்று அணைத்தாள். அடுத்து நிமிர்ந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சரி, கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று ஒரு பன்னை வெட்டு மேசையின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். மேலே துணியை விரித்தாள். வெட்டினாள், மடித்தாள், இஸ்திரிக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் இஸ்திரி போடுகிற பெண், "அக்கா, இந்தத் துணிக்குள்ள ஏதோ சூடாகி வாசனையா வருதே" என்று கூவினாள். மடிப்புக்குள் பன், வெண்ணெயோடு, தாள் மாதிரி தட்டையாக இருந்தது. எண்ணெய்க் கறை போக மூன்று தடவை அலச வேண்டியதாயிற்று. மொத்தக் கூடமும் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவள்தான். காலைச் சாப்பாடோ நடக்கவே இல்லை. மறந்துவிடக் கூடாதென்று மாத்திரையைத் தலையணைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். கண் விழித்ததும் அதுதான் முதலில் உள்ளே போகும். பல் துலக்கி முடிப்பதற்குள் ரொட்டியைப் பார்த்தால் அட்டையைப் பார்ப்பது போலிருக்கும்.

டாக்டரிடம் போகும் நாள் நெருங்கியது. வீட்டு எடை மெஷினில் ஏறிப் பார்த்தாள். இன்னும் இறங்கியிருந்தது. மெஷினை இடம் மாற்றி வைத்து ஏறினாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அது மனசு மாறவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உலகத்தில் திரை தைக்கிறவளுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. திரையை நேராகத் தொங்க வைக்க ஈயம் வைக்கலாம் என்றால், வைத்தியத்தை நேராக நடத்த வைக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை கணவர் தூங்கும்போது உட்கார்ந்தாள். தடித்த பேண்ட் ஒன்றின் இடுப்புப் பட்டையைப் பிரித்து, உள்ளே வரிசையாக ஈயவில்லைகளை வைத்து, ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமல் ஒவ்வொன்றையும் தனித்தனி அறையில் அடைத்துத் தைத்தாள். பாதமடிப்பிலும் ஒரு வரிசை. பேண்ட் பைகளின் உள்புறத்தில் மிச்சம். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வெளியில் ஒரு சுருக்கம் தெரியவில்லை, ஒரு புடைப்பு இல்லை. அவள் கையிலிருந்து வந்த வேலையிலேயே அதுபோல் நேர்த்தியான வேலை இன்னொன்று கிடையாது. வெளியே காட்டிப் பெருமையடித்துக்கொள்ள வழியில்லையே என்றுதான் வருத்தமாக இருந்தது.

பேண்ட் கீழே இறங்காமலிருக்க பெல்ட்டோடு, உள்ளே தோள் வழியாக ஒரு பட்டியும் போட்டுக்கொண்டாள். பஸ் ஏறும்போது படிக்கட்டில் கால் தூக்க முடியவில்லை. சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பக்கத்துச் சீட்டுக்காரரின் தயவு வேண்டியிருந்தது. "முட்டிவலியா?" என்று அவர் அனுதாபத்தோடு கேட்டார். "ஆமாங்க, வயசாச்சு" என்றாள். கிளினிக்கில் நர்ஸ் செருப்பைக் கழற்றச் சொன்னாள், கைப்பையை வாங்கி வைத்தாள், மேல்கோட்டைக் கழற்றச் சொன்னாள். பேண்டைக் கழற்றச் சொல்ல எந்த நர்ஸுக்கும் தோன்றாது. மெஷினில் ஏறினாள். நர்ஸ் முகம் மலர்ந்தது.

டாக்டரம்மா முகமும் மலர்ந்தது. "பரவாயில்லையே! சொன்னதைக் கேட்டிருக்கீங்க. நிறைய பேர் கேக்கறதில்ல."

அந்தப் பாராட்டுதான் உறுத்தியது.

"மத்தியானத்துக்கு மேல மருந்து வேகம் குறையுதுன்னு போன தடவை சொன்னீங்க இல்ல? எடை நல்லா ஏறியிருக்கு. அப்ப ஒரு படி கூட்டிப் பார்க்கலாம்" என்று எழுத ஆரம்பித்தார்.

வேண்டாம் டாக்டர், அது நான் இல்லை, பேண்ட் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அவள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, ஈயத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். ஏமாற்றிய சாமர்த்தியம் தெருமுனை வரைக்கும்தான் இனித்தது.

கூட்டிய மாத்திரையில் இருந்த கொஞ்சநஞ்சப் பசியும் போயிற்று. சாயங்காலம் எட்டிப் பார்க்கிற பசிகூட எட்டிப் பார்ப்பதை நிறுத்தியது. நெஞ்சு சில நேரம் காரணமில்லாமல் படபடத்தது. அந்தச் சமயத்தில் பெரிய வேலை ஒன்று வந்தது. ஒரு கச்சேரி அரங்கத்தின் உயரமான ஜன்னல்களுக்குத் திரை. கருநீலத் துணி, தறியில் நெய்வதை நிறுத்திவிட்ட ரகம், கடையில் இருந்த கடைசிச் சுருள். முதலாளியம்மா சுருளை மேசையில் உருட்டிவிட்டு, "நீதான் வெட்டற" என்றார்.

அவள் அளந்தாள். கவனம் ஊசிமுனை மாதிரிதான் இருந்தது, உடம்புதான் கூட வரவில்லை. அளவு நாடாவின் எண்கள் தண்ணீருக்குள் கிடப்பவை போல் நெளிந்தன. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்து, மறுபடி அளந்து வெட்டினாள். எல்லாத் துண்டையும் வெட்டி முடித்த பிறகுதான், அடிமடிப்புக்கு விட வேண்டிய ஒரு சாண் துணியை எதிலுமே விடவில்லை என்று தெரிந்தது. வருஷக்கணக்காக அடிமடிப்பு மட்டுமே தைத்தவள் அடிமடிப்பை மறந்தாள். சிரிக்க வேண்டும் போல் இருந்தது; வாயைத் திறந்தாள், கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளியம்மா திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து குடிக்க வைத்தார். எழுப்ப இடுப்பில் கையைக் கொடுத்தவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னடி இது, எலும்புதான் இருக்கு! உடம்பெல்லாம் எங்கடி போச்சு?" பிறகு துணியைப் பார்த்தார். கத்திரியை எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய ஆணியில் மாட்டினார்.

எந்தக் கத்திரியைக் காப்பாற்ற அத்தனை ஈயத்தைத் தைத்தாளோ, அந்தக் கத்திரி போய்விட்டது. அதைக் கவனச்சிதறல் கொண்டுபோகவில்லை, மாத்திரை நின்றதால் போகவில்லை. பட்டினி கொண்டுபோயிற்று. ஒரு பாட்டில் மாத்திரையைப் பத்திரப்படுத்துகிறேன் என்று அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய ஆளைத் தொலைத்திருக்கிறோம் என்று அவளுக்கு அந்தத் தரையில் உட்கார்ந்துதான் புரிந்தது.

மறுநாளே கிளினிக்குக்குப் போனாள், சாதாரண பேண்டில். நர்ஸ் எடையைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், இறங்கி ஏறச் சொன்னாள். பிறகு தானே ஏறிப் பார்த்தாள். "என்னுது சரியாத்தானே காட்டுது" என்று முணுமுணுத்துவிட்டு, வரவேற்பில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு ஏற்றினாள். அவர் தன் எடையைக் கேட்டு அதிர்ந்து, மெஷின் கண்டிப்பாக ரிப்பேர்தான் என்று சாதித்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு மெஷின் வந்தது. அரைகுறை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்?

"சிஸ்டர், மெஷின் மேல தப்பு இல்ல. போன தடவை என் பேண்டுல ஈயம் இருந்துச்சு."

"எதுக்குள்ள என்ன இருந்துச்சு?" என்றாள் நர்ஸ்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுப்பிவிட்டது வரைக்கும். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பில் குழலை வைத்துக் கேட்டார்.

"அந்த எடையை நம்பித்தான் நான் மருந்தைக் கூட்டினேன்" என்றார். குரலில் கோபத்தைவிட வேறெதுவோ இருந்தது. "உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

இவளுக்கு அங்கே வேடிக்கை தீர்ந்துபோயிற்று. "நிறுத்திடுவீங்கன்னு பயமா இருந்துச்சு டாக்டர். நான் பழையபடி ஆயிடுவேன்னு பயம். அவ கூட என்னால முடியாது."

டாக்டரம்மா மருந்தைப் பழைய அளவுக்கே இறக்கி எழுதினார். "இப்ப நிறுத்தல. ஆனா ஒரு மாசத்துல எடை ஏறியாகணும், ஏறலைன்னா இந்த மருந்தை விட்டு வேற வழி பார்க்கணும். இதுல நான் விட்டுக் கொடுக்க முடியாது. வீட்டுல யாருக்காவது தெரியுமா?"

தெரியாது. கணவரிடம் அன்று மாலை சொன்னாள். பேக்கரிக்காரர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஈயத்துக்கு வந்தபோது சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாத்திரையினாலயா?" என்றார். "நான் செய்யறது உனக்குப் பிடிக்காம போச்சுன்னு நெனச்சேன். வெண்ணெயை மாத்திப் பார்த்தேன், ரொட்டியை மாத்திப் பார்த்தேன். பேக்கரியில எல்லார்கிட்டயும் கேட்டேன், எம் பொண்டாட்டி சாப்பிடற மாதிரி எதாச்சும் சொல்லித் தாங்கடான்னு."

அவள் திருப்பிக் கொண்டுவந்த டப்பாக்கள் ஒவ்வொன்றும் அந்த மனிதரின் கைவேலை மேல் சொன்ன குறை என்பது அவளுக்கு அதுவரை உறைக்கவே இல்லை. தன் ரொட்டியைத் தானே தின்று பெருத்த மனிதருக்குப் பேண்டைத் தளர்த்திக் கொடுத்துக்கொண்டு, இவருக்கு ஏன் இப்படித் தொப்பை போடுகிறது என்று கிண்டல் வேறு செய்திருக்கிறாள். அன்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், "உங்க பேண்டுல இன்னும் ஒரு தையல் விட இடம் இருக்கு" என்றாள். அவர் அப்போதுதான் சிரித்தார்.

மறுநாளிலிருந்து ஏற்பாடு மாறியது. மாத்திரை பாட்டில் தலையணைப் பக்கத்திலிருந்து அவருடைய சட்டைப் பைக்குக் குடிபோயிற்று. பேக்கரியில் முதல் அடுப்பு ரொட்டி இறங்கியதும் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வருவார். சூடான ரொட்டி, இரண்டு முட்டை, வெண்ணெய், ஒரு பெரிய டம்ளர் பால். அவள் சாப்பிட்டு முடித்தால்தான் மாத்திரை வெளியே வரும். மத்தியானம் இஸ்திரி போடுகிற பெண் வந்து மெஷினின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கடலை டப்பாவைத் திறந்து மடியில் வைப்பாள். அரங்கத்துத் திரைகளுக்கு முதலாளியம்மாவே சாம்பல் நிறத்தில் கீழே ஒரு பட்டை சேர்த்துத் தைத்து ஒப்பேற்றினார். அரங்கத்துக்காரர்கள் அதைப் புது மோஸ்தர் என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். கத்திரி மட்டும் ஆணியிலேயே தொங்கியது.

மாதம் முடிந்தது. நர்ஸ் முதல் வேலையாக அவள் இடுப்புப் பட்டையைத் தடவிப் பார்த்தாள், பாதமடிப்பைக் குனிந்து பிதுக்கிப் பார்த்தாள், பிறகுதான் ஏற்றினாள். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. ஈயத்தோடு காட்டிய எடைக்குப் பக்கத்தில்கூட வராது, ஆனால் பிரித்தெடுக்க முடியாத ஒன்றரைக் கிலோ. டாக்டரம்மா, "மருந்து இதே அளவுல தொடரட்டும்" என்றார். முதலாளியம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "காலையில மட்டும் வெட்டு. சாப்பிட்டுட்டு வந்தேன்னு சொல்லி வெட்டு. பொய் சொன்னா கத்திரியை வித்துடுவேன்" என்றார்.

அடுத்த நாள் காலை அவள் கண் விழித்தபோதே மனசு வெட்டு மேசைக்குப் போயிருந்தது. பேக்கரிக்காரர் வழக்கம் போல் வந்து தட்டை முன்னால் வைத்து, எதிரே உட்கார்ந்தார். கண்ணிமையில்கூட மாவு ஒட்டியிருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாங்க" என்றாள். "எடைதான் ஏறிடுச்சே. நிஜமாவே பசிக்கல."

"எனக்குந்தான் தூக்கம் வருது" என்றார் அவர். "வந்து உக்காந்திருக்கேன் இல்ல? சாப்பிடு."

அவள் ரொட்டியைப் பிய்த்தாள். முதல் முட்டையில் பாதி இறங்குவதற்குள் எதிரே சத்தம் மாறியது. பேக்கரிக்காரர் மேசை மேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்து, வாய் திறந்தபடி தூங்கிவிட்டார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை பாட்டில் பாதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும். குப்பைக்கூடை காலடியில் இருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, பார்க்க ஒருவரும் இல்லை.

அவள் இரண்டாவது முட்டையை எடுத்தாள். அது தொண்டையில் நின்றது, பாலைக் குடித்து இறக்கினாள். ரொட்டியை ஒவ்வொரு வாயாக மென்று, தட்டில் ஒட்டியிருந்த வெண்ணெயையும் கடைசித் துண்டால் வழித்துச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் அவரை எழுப்பாமல் மெதுவாகப் பாட்டிலை எடுத்து, ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள்.